ஒளி மங்கினால் குரோமியமா? கார்பன் புள்ளிகளைக் கொண்டு கிணற்று நீரைச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

இருட்டறையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கார்பன் புள்ளிக் கரைசல், அதாவது புற ஊதா (யுவி) ஒளி பட்டால் ஒளிரும் மிகச் சிறிய கரித் துகள்கள் கலந்த நீர். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் ஊர்க் கிணற்று நீர். 365 நானோமீட்டர் யுவி டார்ச்சை அடித்ததும் முதல் குப்பி நீலமாகச் சுடர்விடுகிறது. இரண்டாவது மங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் மாணவர் உடனே "குரோமியம் இருக்கு சார்" என்பார். இருக்கலாம். இலை தழை மக்கிக் கரைந்த பழுப்பு நிறமும் அதே வேலையைச் செய்யும். கரைந்த இரும்பும் செய்யும். வடிகட்டாத கலங்கலும் செய்யும்.

ஒளிரும் நானோ பொருளைத் தயாரிப்பது இந்த வேலையில் எளிதான பாதி. சிட்ரிக் அமிலமும் ஒரு சூட்டடுப்பும் (ஓவன்) இருந்தால் சில நாளில் முடிந்துவிடும். மங்கிய ஒளியை நம்பலாமா என்று குறுக்கு விசாரணை செய்வதுதான் கடினமான பாதி. முதுநிலை வேதியியல் மாணவர்களின் திட்ட அறிக்கைகள் பலவற்றில் முதல் பாதிக்கு இருபது பக்கம், இரண்டாவதற்கு அரைப் பக்கம் என்றே பார்த்துவருகிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் எடையை மாற்றி வைத்திருக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் மாசு ஒன்றே ஒன்று: குரோமியம்.

எந்தக் குரோமியம்?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை நமக்குத் தெரிந்ததே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதியென அதில் அறிவிக்கப்பட்டது.

ஆய்வகத்துக்குள் நுழையும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் காரக் குரோமியம் சல்ஃபேட்டில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். இதைக் குரோமியம்-3 என்போம். குரோமேட் உப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளின் கழிவில் கிடப்பது ஆறு இணைதிறன் கொண்டது; இது குரோமியம்-6. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீருக்குக் கசிந்தது இந்த இரண்டாவது வகைதான். அதிகமாகச் சேர்ந்தால் தண்ணீரையே மஞ்சளாக்கும். குரோமியம்-3 மண்ணில் படிந்து பெரும்பாலும் அங்கேயே நிற்கும். குரோமியம்-6 நீரோடு ஓடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக வைத்திருப்பதும் குரோமியம்-6-ஐத்தான். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றை ஆறாக மாற்றக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாம் செய்யப்போகும் சோதனைக்குக் குரோமியம்-6 மட்டுமே தெரியும். தோல் ஆலைக் கழிவில் குரோமியம்-3 எவ்வளவு இருந்தாலும் அதன் பேரில் நம் குப்பி மங்காது. "ஒளி மங்கவில்லை, ஆகவே குரோமியம் இல்லை" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஒளி ஏன் மங்குகிறது: ஒரு சின்னக் கணக்கு

கார்பன் புள்ளிகள் 10 நானோமீட்டருக்கும் குறைந்த கரித் துகள்கள். 2004-ல் அமெரிக்காவில் கார்பன் நானோ குழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டவை. 2006-ல்தான் இந்தப் பெயர் நிலைத்தது. 2023-ல் மவுங்கி பாவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவரும் வேதியியல் நோபல் பெற்ற குவாண்டம் புள்ளிகள் இவற்றின் பெரிய அண்ணன்மார். ஆனால் அந்தக் குடும்பத்தில் பெயர்பெற்ற பலவற்றில் காட்மியம் உண்டு. குடிநீரில் காட்மியத்துக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். ஒரு நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சைக் கிணற்றடிக்கு எடுத்துப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்பன் புள்ளியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவே முதல் காரணம்.

நாம் செய்யும் புள்ளி ஏறத்தாழ 360 நானோமீட்டர் ஒளியை உண்டு, 440 அருகே நீலமாக உமிழும். குரோமேட் அயனி காரத்தன்மையுள்ள நீரில் 372 நானோமீட்டரில் பலமாக ஒளியை விழுங்கும். அதாவது புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டிய சாப்பாட்டைக் குரோமேட் வழியிலேயே பறித்துக்கொள்கிறது. இதை உள்வடிகட்டி விளைவு என்பார்கள். புள்ளிக்கும் குரோமியத்துக்கும் எந்தப் பிணைப்பும் தேவையில்லை. குரோமியம்-3 இந்த இடத்தில் மிகக் குறைவாகவே விழுங்கும் என்பதால்தான் அது தெரிவதில்லை.

இந்த விளைவைக் கணக்கிட்டுவிட முடியும். கணக்கிட்ட பிறகே ஆய்வகத்துக்குள் போக வேண்டும். குரோமேட் எவ்வளவு பலமாக ஒளியை விழுங்கும் என்பதைச் சொல்லும் மோலார் உட்கவர் திறன் 372-ல் ஏறத்தாழ 4,800. லிட்டருக்கு 1 மி.கி. குரோமியம் என்பது 19.2 மைக்ரோமோலார். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கருவிக்குள் மாதிரியை வைக்கும் சதுரக் குப்பி) உட்கவர்ச்சி, அதாவது ஒளி விழுங்கப்படும் அளவு, 0.092. ஒளிர்வை அளக்கும் கருவி (ஃபுளோரிமீட்டர்) குவெட்டின் நடுவிலிருந்து வரும் ஒளியைத்தான் பார்க்கிறது. ஆகவே பாதித் தூரம், 0.046. ஒளிர்வு 10 விழுக்காடு குறையும். லிட்டருக்கு 10 மி.கி. இருந்தால் 65 விழுக்காடு குறையும், கண்ணுக்கே தெரியும்.

குடிநீர் வரம்பில் என்ன ஆகும்? ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. அந்த அளவில் ஒளிர்வு அரை விழுக்காடுதான் குறையும். அரை விழுக்காடு என்பது பைப்பெட் பிசகுக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு. சாதாரணக் குவெட்டில் செய்யும் இந்தச் சோதனை குடிநீருக்குச் சான்றிதழ் தரும் சோதனை ஆக முடியாது. மாசு கனத்த வட்டாரத்தில் எந்தக் கிணற்றை முதலில் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று பொறுக்கி எடுக்கும் சோதனை இது. அதற்கு இது நல்ல சோதனை. (இந்தக் கணக்கையே சற்றுத் திருப்பிப் போட்டால் உணர்திறனைப் பல மடங்கு கூட்டலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.)

படி 1: புள்ளிகளைச் செய்தல்

நான் பரிந்துரைப்பது 2013-ல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்முறை. சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட் 1.05 கிராம், எத்திலீன்டையமின் 335 மைக்ரோலிட்டர், அயனி நீக்கிய நீர் 10 மி.லி. மூன்றையும் கலந்து, டெஃப்ளான் உட்கலம் கொண்ட 30 மி.லி. ஸ்டீல் ஆட்டோகிளேவில் (இறுக மூடும் அழுத்தக் கலம்) ஊற்றி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும். தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரையான தெளிந்த கரைசல் கிடைக்கும்.

எத்திலீன்டையமினைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்கவும். தோலை அரிக்கும், மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கும். சிட்ரிக் அமிலத்தோடு சேரும்போது சூடேறும் என்பதால் சொட்டுச் சொட்டாக விடவும். உட்கலத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஓவனை அணைத்ததும் ஆட்டோகிளேவைத் தண்ணீரில் போட்டுக் குளிரவைக்கும் வழக்கத்தைச் சில ஆய்வகங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இரவு முழுக்க ஓவனுக்குள்ளேயே ஆறட்டும், காலையில் திறங்கள்.

எலுமிச்சைச் சாறு, துளசி, வாழைப்பழத் தோல் என்று சமையலறைப் பொருள்களிலிருந்தும் கார்பன் புள்ளி செய்யலாம். அப்படி வந்த கட்டுரைகள் ஏராளம். பள்ளி மாணவருக்குக் காட்ட அருமையானவை. அளவிடும் வேலைக்கு நான் பயன்படுத்துவதில்லை. இந்த மாதத்து எலுமிச்சையும் அடுத்த மாதத்து எலுமிச்சையும் ஒன்றல்ல. ஒளி மங்கலைக் குரோமிய அளவாக மாற்றிச் சொல்லும் அளவுக்கோடு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும்.

படி 2: தூய்மைப்படுத்தல்

முதலில் மையவிலக்கியில் நிமிடத்துக்கு 10,000 சுழற்சியில் 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரை 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டவும். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 1,000 டால்டன் டயாலிசிஸ் பையில் கட்டி, அயனி நீக்கிய நீரில் இரண்டு நாள் மிதக்கவிடவும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிநீரை மாற்றவும்.

முதல் முறை மாற்றும்போது அந்த வெளிநீரின் மேல் யுவி டார்ச்சை அடித்துப் பாருங்கள். பளீரென்று ஒளிரும். வெளியே வந்தவை புள்ளிகள் அல்ல. சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டையமினும் சேர்ந்து உண்டாகும் சிறிய ஒளிரும் மூலக்கூறுகள். இந்தச் செய்முறைக்கு முதலில் சொல்லப்பட்ட 80 விழுக்காட்டு ஒளிர்வுத் திறனில் (விழுங்கிய ஒளியில் திரும்ப உமிழும் பங்கு) பெரும் பங்கு இந்த மூலக்கூறுகளுடையது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. டயாலிசிஸ் செய்யாமல் "நானோ புள்ளியால் கண்டறிந்தோம்" என்று எழுதினால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சாதாரணச் சாயமாக இருக்கும். சோதனை அப்போதும் வேலை செய்யும். சூட்டிய பெயர்தான் தவறு. தேர்வாளர் கேட்கும் முன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பையில் மிஞ்சியதைப் பழுப்புக் குப்பியில் ஊற்றி 4 டிகிரியில் வையுங்கள்.

படி 3: செய்ததைச் சரிபார்த்தல்

360-ல் தூண்டி, 380 முதல் 600 வரை நிறமாலை எடுங்கள். 440 அருகே ஒரே மேடு வர வேண்டும். வெறும் நீரையும் கட்டாயம் எடுங்கள். நீர் ஒளியைச் சிதறடிப்பதால் நீருக்கே ஒரு ராமன் மேடு உண்டு. 350-ல் தூண்டினால் 397-ல், 365-ல் தூண்டினால் 417 அருகில் வரும். கரைசலை மிக நீர்த்துவிட்டால் அதைப் புள்ளியின் ஒளி என்று நம்பி ஏமாறலாம்.

ஒளிர்வுத் திறனுக்கு ஒப்பீடு, 0.1 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்ஃபேட். அதன் மதிப்பு 54 விழுக்காடு. இரண்டு கரைசலின் உட்கவர்ச்சியும் 0.05-க்குள் இருக்கட்டும். துகள் அளவைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சென்னை ஐஐடியில் உள்ள நுண்கருவி மையம் போன்ற இடங்களுக்குக் கட்டணம் செலுத்தி மாதிரியை அனுப்பலாம்.

படி 4: அளவுக்கோடு

பொட்டாசியம் டைகுரோமேட் 0.1414 கிராமை 500 மி.லி. நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. குரோமியம்-6. இதிலிருந்து 0.5, 1, 2, 5, 10 மி.கி. கரைசல்களை நீர்த்துக்கொள்ளுங்கள். கையுறை அவசியம், பைப்பெட்டை வாயால் உறிஞ்சும் பேச்சே வேண்டாம்.

அடுத்தது பஃபர், அதாவது பிஎச்-ஐ மாறாமல் வைத்திருக்கும் கரைசல். லிட்டருக்கு 19 கிராம் போராக்ஸ் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 8.5-க்குக் கொண்டுவரவும். ஏன் 8.5? பிஎச் 6.5-ஐ ஒட்டிக் குரோமேட் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அதற்குக் கீழே மேடு 350-க்கு நகரும், உயரமும் குறையும். ஒரு கிணறு 6.8, இன்னொன்று 7.9 என்று இருந்தால், குரோமியம் ஒரே அளவாக இருந்தும் ஒளி வேறு வேறாக மங்கும். 8.5-ல் எல்லாம் ஒரே வடிவத்தில் நிற்கும். பாஸ்பேட் பஃபர் கைக்கு எளிதாகக் கிடைக்கும்; ஆனால் நம் ஊர்க் கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்து கலங்கிவிடும். அதனால் போராக்ஸ்.

கலவை எப்போதும் ஒன்றே: 8 மி.லி. மாதிரி, 1 மி.லி. பஃபர், 1 மி.லி. புள்ளிக் கரைசல். தரக் கரைசலுக்கும் இதே விகிதம் என்பதால் நீர்த்ததற்குத் தனிக் கணக்கு வேண்டாம். புள்ளிக் கரைசலை, இறுதிக் கலவையில் 365-ல் உட்கவர்ச்சி 0.05-க்குக் கீழே இருக்குமாறு நீர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புள்ளிகளே ஒன்றுக்கொன்று நிழலாகும்.

வரைபடம் வரையும்போது பலரும் ஸ்டெர்ன்-வோல்மர் முறைப்படி, குரோமியம் இல்லாத ஒளிர்வை இருக்கும்போதைய ஒளிர்வால் வகுத்துப் போடுகிறார்கள். நம் விளைவு உள்வடிகட்டி என்பதால் அது மேல்நோக்கி வளையும். அந்த விகிதத்தின் மடக்கையைப் போடுங்கள், நேர்கோடு கிடைக்கும். மடக்கை நேராகவும் விகிதம் வளைந்தும் வந்தால் விளைவு எந்த வகை என்பதற்கு அதுவே முதல் சாட்சி. ஒளிர்வு ஆயுளை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னொரு சாட்சி: உள்வடிகட்டி விளைவில் ஆயுள் மாறாது.

கண்டறியும் எல்லைக்குப் பத்து பிளாங்குகளை (குரோமியம் சேர்க்காத வெற்றுக் கலவைகள்) தனித்தனியாகக் கலந்து அளக்கவும். ஒரே பிளாங்கைப் பத்து முறை அளப்பது ஏமாற்று. அதில் பைப்பெட் பிசகு தெரியவே தெரியாது. பத்தின் திட்ட விலக்கம் அரை விழுக்காடு என்று வையுங்கள். நம் கலவையில் லிட்டருக்கு 1 மி.கி. என்பது ஏறத்தாழ 8 விழுக்காட்டு இறக்கம். மூன்று மடங்கு விலக்கத்தை இதனால் வகுத்தால் 0.19 மி.கி. குடிநீர் வரம்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இதைவிட மிகக் குறைந்த எண் உங்களுக்கு வந்தால் மகிழும் முன் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

படி 5: தண்ணீர் எடுத்தல்

ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தங்கிய நீரில் குழாயின் இரும்புதான் இருக்கும். பாலித்தீன் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றிடமில்லாமல் நிரப்புங்கள். இடத்திலேயே 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுவது நல்லது. காற்றோட்டமுள்ள கிணற்று நீரில் மூவிணைதிறன் இரும்பு பெரும்பாலும் துருத் துகளாக மிதக்கும்; வடிகட்டினால் போய்விடும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. உலோகச் சோதனை என்றால் நைட்ரிக் அமிலம் விட்டுப் பிஎச் 2-க்குக் கொண்டுவர வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். மொத்தக் குரோமியத்துக்கு அது சரி. குரோமியம்-6 தேடும் பாட்டிலில் அமிலம் விடாதீர்கள். அமிலத்தில் நீரின் கரிமப் பொருள் ஆறை மூன்றாக்கிவிடும். நீங்கள் வீடு சேர்வதற்குள் தேடிய பொருள் காணாமல் போயிருக்கும். துருவும் கரைந்து இரும்பு குறுக்கே நிற்கும். ஆகவே ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு பாட்டில்: ஒன்றில் அமிலம், மற்றது அமிலமில்லாமல் ஐஸ் பெட்டியில். இரண்டாவதை 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.

காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் கூடவே கொண்டுபோய், வயலில் திறந்து மூடிக் கொண்டுவாருங்கள். அது மங்கினால் குற்றம் கிணற்றுடையது அல்ல.

படி 6: அளத்தல்

ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று குவெட். முதலாவது, மாதிரியோடு புள்ளியும் பஃபரும். இரண்டாவது, மாதிரியும் பஃபரும் மட்டும், புள்ளிக்குப் பதில் நீர். மூன்றாவது, மாதிரிக்குப் பதில் நீர். இரண்டாவது எதற்கென்றால், மட்குப் பொருள் கொண்ட நீர் தானாகவே 420 முதல் 450 வரை நீலமாக ஒளிரும். அதைக் கழிக்காவிட்டால் குரோமியம் மங்கவைத்ததை மட்கு நிரப்பிவிடும். மாசுள்ள கிணறு சுத்தமானதாகத் தோன்றும். பொய்யான அபாய மணியைவிட இந்தப் பொய்யான நிம்மதிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

தூண்டல் 370, உமிழ்வு 440, பிளவு அகலம் 5 நானோமீட்டர். கலந்து ஐந்து நிமிடத்தில் அளக்கவும். பிஎச் 8.3-க்கும் 8.7-க்கும் இடையில் இருக்கிறதா என்று ஒரு முறையாவது பாருங்கள்.

படி 7: குறுக்கு விசாரணை

ஒளி மங்கியது. இப்போது கேள்விகள்.

குரோமியம்-6 தான் காரணம் என்றால், அதை அழித்தால் ஒளி திரும்ப வேண்டும். அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, ஆறை மூன்றாக்கும். மாதிரியில் ஒரு பங்கை எடுத்து, அஸ்கார்பிக் அமிலம் ஒரு சிட்டிகை சேர்த்து, பிஎச் நான்கு அல்லது ஐந்தில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு மீண்டும் 8.5-க்கு ஏற்றி, கலங்கினால் வடிகட்டி, புள்ளி சேர்த்து அளக்கவும். பிளாங்குக்கும் இதே சடங்கு. ஒளி முழுதாகத் திரும்பினால் சந்தேகம் குரோமியம் மீது உறுதியாகிறது. திரும்பாவிட்டால் மங்கவைத்தது மட்கோ கலங்கலோதான். கரைந்த இரும்பையும் அஸ்கார்பிக் அமிலம் மாற்றிவிடும் என்பதால், இன்னொரு பங்கில் இடிடிஏ சேர்த்து, அது இரும்பைக் கட்டிப்போட்டதால் மட்டும் ஒளி திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: கிணற்று நீரில் உங்கள் அளவுக்கோடு செல்லுமா? மாதிரியில் 1 மி.கி., 2 மி.கி. குரோமியத்தை நீங்களே சேர்த்து அளக்கவும். சேர்த்ததில் 90 முதல் 110 விழுக்காடு திரும்பக் கிடைத்தால் சரி. 70 என்றால் அந்த நீரில் ஏதோ ஒன்று உங்கள் குரோமியத்தைத் தின்கிறது. 130 என்றால் வேறொன்று ஒளியைத் தின்கிறது.

மூன்றாவது சாட்சியாக, டைஃபினைல் கார்பசைடு முறை. அமிலத்தில் குரோமியம்-6 பட்டதும் ஊதா நிறம். 540 நானோமீட்டரில் அளவு. பல்லாண்டாகச் சோதிக்கப்பட்ட இந்த முறை நம் புள்ளியைவிட மிக நுட்பமானது. அப்படியானால் புள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கருவி இல்லாத இடத்தில், அமிலமோ கரைப்பானோ இல்லாமல், ஒரு டார்ச்சோடு ஐம்பது கிணறுகளை ஒரே நாளில் வரிசைப்படுத்த முடியுமா என்பதற்கான விடையில்தான் புள்ளியின் இடம் இருக்கிறது.

கிணற்றடியில்: நீளக் குழாய்

விளைவு முழுக்க ஒளி கடக்கும் தூரத்தைப் பொறுத்தது என்று கணக்கில் பார்த்தோம். அப்படியானால் தூரத்தைக் கூட்டுங்கள். தட்டையடி நெஸ்லர் குழாயில் 10 செ.மீ. உயரத்துக்கு அதே கலவையை ஊற்றி, சுற்றிலும் கருப்புக் காகிதம் ஒட்டி, மேலே ஒரு சென்டிமீட்டர் மட்டும் சன்னல் விடுங்கள். அடியிலிருந்து டார்ச் அடித்து, சன்னல் வழியாகப் பக்கவாட்டில் பாருங்கள். லிட்டருக்கு 1 மி.கி. இருந்தால், மேலே எட்டும் யுவி ஒளி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 0.05 மி.கி. இருந்தால்கூட ஏறத்தாழ 8 விழுக்காடு குறையும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைபேசிக் கேமராவுக்கு எட்டக்கூடிய அளவு. தூரம் கூடியதால் புள்ளிக் கரைசலைப் பத்தில் ஒன்றாக நீர்க்க மறக்காதீர்கள்.

டார்ச் 365 நானோமீட்டராக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 395 டார்ச் குரோமேட்டின் மேட்டைத் தாண்டிப்போகிறது. அதன் ஊதா வெளிச்சமும் படத்தில் கலந்துவிடும். கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி அணியுங்கள். கேமராவில் ஒளியளவு, வெண்சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டிவிட்டு, முடிந்தால் ரா கோப்பாக எடுங்கள். தானியங்கி முறையில் விட்டால், மங்கிய குழாயைக் கேமராவே பிரகாசமாக்கிக் காட்டும். எந்தப் படத்திலும் பிளாங்கும் 0.5 மி.கி. தரக் கரைசலும் மாதிரியின் இரு பக்கமும் நிற்க வேண்டும்.

கிணற்றுக்காரர் பக்கத்தில் நின்று "குடிக்கலாமா?" என்று கேட்பார். மங்கவில்லை என்பதற்காக "தாராளமா குடிங்க" என்று சொல்லிவிடாதீர்கள். குரோமியம்-3, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் நீங்கள் பார்க்கவில்லை. மங்கியிருந்தால், "சந்தேகம் இருக்கு, முடிவு தெரியுற வரைக்கும் குடிக்கவும் சமைக்கவும் வேற தண்ணி எடுங்கம்மா" என்று சொல்லி, அமிலமிட்ட பாட்டிலைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் அவரிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், நல்ல செய்தியாக இருந்தாலும்கூட.

வேறு மாசு என்றால்

பாதரசத்துக்கு இந்தப் புள்ளி போதாது. அதன் குடிநீர் வரம்பு 0.001 மி.கி., அதாவது 5 நானோமோலார். அதற்குப் பசுவின் ரத்தப் புரதமான ஆல்புமினில் வளர்க்கும் தங்க நானோ கொத்துகள் பொருத்தம். 10 மில்லிமோலார் தங்கக் குளோரைடு 5 மி.லி., மி.லி.க்கு 50 மி.கி. புரதம் கொண்ட கரைசல் 5 மி.லி., இரண்டு நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மி.லி.; 37 டிகிரியில் 12 மணி நேரம். 2009-ல் சிங்கப்பூரில் உருவான முறை. 640 அருகே சிவப்பாக ஒளிரும். இங்கே பாதரச அயனி தங்கத்தோடு நேரடியாக ஒட்டி ஒளியை அணைக்கிறது, வழிமறிப்பு அல்ல. அதனால் உணர்திறன் பல மடங்கு அதிகம். 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் சுற்றுப்புறம் போன்ற இடங்களுக்கு மாணவர் திட்டம் எழுதும்போது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

படி 8: கழிவு

நாள் முடிவில் மேசையில் மிஞ்சுவது டைகுரோமேட் கரைசல்கள். லிட்டருக்கு 100 மி.கி. கொண்ட அந்த மூலக் கரைசல் குடிநீர் வரம்பைப் போல 2,000 மடங்கு. அதைத் தொட்டியில் கொட்டினால், நாம் தேடிப் போனதை நாமே சாக்கடையில் சேர்த்ததாகும். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றி, பிஎச் 2 அல்லது 3-ல் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்து, மஞ்சள் போய்ப் பச்சை வரும்வரை கலக்குங்கள். சல்ஃபர் டைஆக்சைடு வாடை வரும், புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யவும். பிறகு சுண்ணாம்பு நீரால் பிஎச் 8.5-க்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடு பச்சை மண்டியாக அடியில் படியும். மேல்நீரில் டைஃபினைல் கார்பசைடு ஒரு சொட்டு விட்டு, ஊதா வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். மண்டியை வடிகட்டி உலர்த்தி, தேதியும் "குரோமியம் கழிவு" என்ற சீட்டும் ஒட்டி, அபாயக் கழிவு எடுப்பவர் வரும்வரை பூட்டிய அலமாரியில் வையுங்கள்.